சாலமன் வண்டியில் இன்னாசி

ஞாயிறு மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து அடைக்கலமேரி ஐரீன் வீட்டுக்கு வந்தபோது, அவரை உட்கார வைக்க அங்கே நாற்காலி இல்லை. இருந்த ஒரே நாற்காலியில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. சுவரோரம் பூப்போட்ட போர்வை போர்த்தி வைத்திருந்த மேடையைக் கையால் தட்டிக் காட்டி, "உக்காருங்கக்கா, ரெண்டே நிமிஷம், டீ கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

டீயோடு திரும்பியபோது அக்கா நின்றுகொண்டிருந்தார். போர்வை விலகிக் கிடந்தது. உள்ளே பழுப்புக் காகிதம் சுற்றிய பத்துக் கட்டுகள். அச்சகத்தில் போட்ட கயிறு கூட அவிழவில்லை. ஒவ்வொரு கட்டின் தலையிலும் அடையாளத்துக்கு ஒட்டிய முன் அட்டை: 'இன்னாசி போன திசை'. அதன் கீழே சின்ன எழுத்தில், அடைக்கலமேரி.

"இது மேலயா ஐரீனு நான் உக்காந்தேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஐரீன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அக்கா கோபப்படவில்லை. கூட்டத்தில் தெரியாமல் யார் காலையோ மிதித்துவிட்டவரைப் போல, கட்டின் ஓரத்தை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

மூணாவது சந்து பதிப்பகம் என்பது ராயபுரத்தில் ஒன்றரை அறை வீடு, ஒரு பழைய கம்ப்யூட்டர், பிறகு ஐரீன். அவ்வளவுதான். பகலில் அவள் கல்மண்டபம் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் பதிப்பாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்குத்தான் அடைக்கலமேரி நான்கு லாங் சைஸ் நோட்டுகளோடு வந்தார். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதுகிறவர். "இத்த டைப் அடிச்சிக் குடும்மா, எழுத்து கோணலா இருக்கும்" என்றார். நாற்பதாவது பக்கத்தில் ஐரீனுக்கு எழுத்து மங்கியது. கோணலான கையெழுத்தில் குற்றமில்லை, கண்ணில்தான் தண்ணீர். ஒரு மீனவன் கடலுக்குப் போகிறான், அவனும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. கரையில் நிற்கிற பெண்டாட்டி எழுதிய கதை. பெயரையாவது மாற்றலாமே என்று ஐரீன் கேட்டதற்கு, "அவரு பேரு இன்னாசி. வேற பேரு போட்டா அது வேற ஆளு" என்று அக்கா முடித்துவிட்டார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு விக்கிறத பத்தி இல்ல ஐரீனு" என்றார் அடைக்கலமேரி. "கல்லறைத் திருநாள் வருது. எல்லாரும் அவங்கவங்க ஆளு கல்லறைக்கு வெள்ளையடிச்சி, பூ வெச்சி, மெழுகுத்தி ஏத்தி, பக்கத்துல குந்திகினு ரெண்டு வார்த்த பேசிட்டு வருவாங்க. எனக்குப் போறதுக்கு எடம் கெடயாது. எட்டு வருஷமா அன்னிக்கி நான் வூட்ட வுட்டு வெளிய வர்றதே இல்ல. அதுக்குத்தான் இத்த எழுதுனேன். ஒரு நூறு வூட்ல அவரு பேரு இருந்தா, சரி, மனுஷன் எங்கயோ ஒரு எடத்துல கீறாருன்னு நெனச்சிப்பேன்."

"அக்கா..."

"திருநாளுக்குள்ள ஆவலன்னா குடுத்துடும்மா. நான் எடுத்துனு போயி வூட்டுல வெச்சிக்கறேன். வெளியூரு அனுப்பிச்சி, அங்க யாரும் உள்ள வான்னு கூப்டாம வாசல்லயே நிக்க வெச்சா மாதிரி கீது."

ஐரீன், "நூறு வீடு ஆயிடும்க்கா" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு செப்டம்பர் கடைசி ஞாயிறு. கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டுக்கு ஐந்து வாரம் இருந்தது.

தெரிந்த வழி எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். முந்நூறு பிரதியில் வீட்டை விட்டு வெளியே போனது ஐம்பதுதான். அதிலும் பாதி மதிப்புரைக்கு என்று கூரியரில் போய், சேர்ந்ததா இல்லையா என்றுகூடத் தகவல் வராதவை. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்காரர் ஐந்து பிரதி வாங்கி, குனிந்தால் மட்டும் கண்ணில் படுகிற தட்டில் வைத்தார். புத்தகக் கண்காட்சியில் கடை எடுக்கிற அளவுக்கு மூணாவது சந்து வளரவில்லை. முகநூலில் போட்ட பதிவுக்கு நிறைய பேர் இதயம் போட்டார்கள். பெயர் பெயராகப் பார்த்ததில், இதயம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள்.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த நாள் கடைக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு பத்திரிகை ஆர்டர். திருத்தத்தைக் காட்டிவிட்டு வர அவள் சாலமன் வண்டியிலேயே ஏறினாள். சாலமன் அவள் கணவன். கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வழியாகக் கடலோரமாகவே எண்ணூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். திருவொற்றியூர் குப்பம் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இது அந்த ரோட்டில் தினசரி நடப்பது. சாலமன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். எதிரே இருந்த பெண்ணின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவள் ஓட்டுநர் சீட்டின் முதுகில் ஒட்டியிருந்த 'சரியான சில்லறை கொடுக்கவும்' என்கிற வாசகத்தை உதடு அசைய ஒருமுறை படித்தாள். லாரி நகரவில்லை. மறுபடி படித்தாள். பிறகு அதையே கீழிருந்து மேலாகப் படித்தாள்.

ஐரீன் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாலு" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "உன் சீட்டு முதுகு எனக்கு வேணும்."

"முதுகா? நானே உன்க்குத்தான். சீட்ட தனியா இன்னாத்துக்குக் கேக்குற?"

முதல் அத்தியாயத்தை அவள் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அடித்தாள். கடை முதலாளி ஓசியில் லேமினேஷன் போட்டுக் கொடுத்தார். ஒரு தாள் சாலமன் வண்டிக்கு, இன்னொன்று அதே ஸ்டாண்டில் ஓட்டுகிற அவன் தோஸ்து மஜீது வண்டிக்கு. அந்த அத்தியாயத்தில் இன்னாசிக்கும் பெண்டாட்டிக்கும் மீன் குழம்பில் உப்பு குறைந்ததில் சண்டை. சாப்பிடாமலே எழுந்து போகிறான். தெரு முனையில் திரும்பி, 'வந்து சாப்டறேன்' என்கிறான். 'குழம்பை மூடி வைத்தேன்' என்பதோடு தாள் முடியும். அதற்குக் கீழே அக்கா பெயரைப் போட்டு, ஐரீன் ஒரு வரி சேர்த்தாள்: மீதி புத்தகத்தில். புத்தகம் ஓட்டுநரிடம் உண்டு.

சாலமன் இருபது பிரதியை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவன் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டதை ஐரீன் கவனித்தாள்.

முதல் வாரம் முழுக்க அவன் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தான்.

"ஐரீ, உன் புக்கு செம ஹிட்டு. மார்க்கெட் பொம்பளைங்க எறங்க மாட்டேன்றாங்க. ஒரு அம்மா எண்ணூரு போயி, அப்டியே அதே வண்டில திரும்பி வந்துச்சி."

"எத்தினி போச்சு?"

"இன்னாது?"

"புக்கு, சாலு."

"மூணு." அவனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஆனா எல்லாருக்கும் கத ரொம்ப புடிச்சிருக்கு. அது முக்கியம்ல?"

மஜீது வண்டியிலோ பதினெட்டு போயிருந்தது. மஜீது கதையைப் படித்தவன்கூட இல்லை. கேட்டால், 'நமக்கு எழுத்துன்னாலே பேஜாரு' என்பான். ஒரே ரோடு, ஒரே கூட்டம், ஒரே தாள். இரண்டாவது வாரமும் மஜீது பிரதி கேட்டு ஆள் அனுப்பினான். சாலமன் சீட்டுக்கு அடியில் பதினேழு பிரதி அப்படியே கிடந்தது. ஐரீனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள் இல்லை அவள். வெள்ளிக்கிழமை காலை, பத்திரிகைக் கட்டோடு எர்ணாவூர் போக வேண்டியிருந்தபோது மஜீது வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மஜீதண்ணே, உங்க வண்டில மட்டும் எப்டி போகுது?"

மஜீது ஒரு தினுசாகச் சிரித்தான். "தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாத. என்னாண்ட மீதி இன்னான்னு கேட்டா, தெர்ல, புக்க வாங்கிப் பாருன்னுவேன். நம்ம சாலமன் மாமு அப்டி இல்ல. லாரி நின்னுச்சின்னா எஞ்சின ஆப் பண்ணிட்டு முழு கதையும் சொல்லிட்றான். கேட்டுட்டு எறங்கிப் போறவங்க இன்னாத்துக்கு வாங்கப் போறாங்கோ?"

ஐரீனுக்குச் சிரிப்பு வந்தது. பெருமைப்பட்டுப் பெருமைப்பட்டே பெண்டாட்டி வியாபாரத்தைக் கெடுக்கிற புருஷன். அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே பின் சீட்டிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மடியில் டிபன் பையோடு ஐம்பது வயதுக்காரப் பெண். பெயர் பச்சையம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி, கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ மாறி, எர்ணாவூரில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போகிறவர்.

"அந்தத் தம்பி சொல்லிக் கேக்கணும்மா நீ. நான் வண்டிலயே அழுதுட்டேன். பதினோரு மாசம் கழிச்சி அந்த ஆளு வந்து நிக்கிறான் பாரு, தாடியும் மீசையுமா, 'கொழம்பு கீதாடி'ன்னு..."

"யாரு வந்து நிக்கிறாங்க?"

"இன்னாசிதான். அந்தமான் பக்கம் ஏதோ தீவுல ஒதுங்கிட்டானாமே. கப்பல் ஆளுங்க பாத்து ஏத்தினு வந்தாங்களாமே. நீ கத கேக்கலயா?"

ஐரீன் ரோட்டைப் பார்த்தாள். முன்னால் ஒரு கன்டெய்னரின் பின்புறம் நகராமல் நின்றது. அக்கா எழுதிய நூற்றிருபது பக்கத்தில் தீவு கிடையாது, கப்பல் கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் பாத்திரத்தைத் திறந்து, கெட்டுப்போன குழம்பைக் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்க்கிறாள். ஒன்பது மாதம் பேனாவை வைத்துக்கொண்டு எழுத முடியாமல் இருந்து, பிறகு ஒரே மூச்சில் எழுதிய பக்கம் அது என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் சாலமன் வீட்டுக்கு வந்து, கேட்காமலே சின்ன வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தான். ஐரீன் எதிரே வந்து நின்றாள்.

"இன்னாசி அந்தமான்ல இன்னா சாப்ட்டாரு?"

அவன் கை நின்றது. "மஜீது வாய தெச்சிடணும்."

"விளையாட்டு இல்ல சாலு. அது உன் கதையா? அக்கா வாழ்க்கை அது. வரலன்னு எழுதறதுக்கு அவங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு. நீ ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வந்து நிறுத்திட்ட. நாளைக்கி மார்க்கெட்ல யாராச்சும் அவங்ககிட்டயே, 'உன் புருஷன் வந்துட்டாராமே'ன்னு கேட்டா?"

சாலமன் உரித்த வெங்காயத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மொத நாளு ஒழுங்காத்தான் சொன்னேன் ஐரீ. கடைசி வரைக்கும் வந்தேன். எதிர்ல பாத்தா நாலு பொம்பளைங்க. நாலும் காசிமேட்டுல ஏறுனது. ஒர்த்தி கையில டிபன் கேரியர் காலியா கீது, அப்பதான் போட்டுல அவ ஊட்டுக்காரனுக்குக் குடுத்துட்டு வர்றா. அந்த வண்டில ஏர்றவங்கள்ல பாதி பேரு வூட்டு ஆம்பள கடல்ல கீறான். காலங்காத்தால அவங்க மூஞ்சியப் பாத்து, வரலன்னு எப்டி சொல்றது? வாய் வரல. வந்துட்டான்னு சொல்லிட்டேன். சொன்னதும் அந்தப் பொண்ணு மூச்சு வுட்டா பாரு, வண்டியே லேசான மாதிரி இருந்திச்சி. அப்புறம் மாத்த முடியல. ஒவ்வொரு நாளும் வந்துகினே இருந்தான்."

ஐரீன் திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. ஐந்து வருஷமாகக் கட்டிக்கொண்டு வாழ்கிறாள். படித்த புத்தகத்தின் முடிவைத் தாங்க முடியாமல் அதைத் திருத்தி வைக்கிற ஆள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கிக் காலைல நாமளே போயி சொல்லிடலாம்" என்றாள். "அக்கா வேற வாயில கேக்கறதுக்கு முன்னாடி."

"புக்க எடுத்துனு போயிட்டாங்கன்னா?"

"போகட்டும். அவங்க புக்குதானே."

சொல்லிவிட்டாளே தவிர, மீதி இருக்கிற கட்டுகளைச் சாலமனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அக்கா வீட்டில் இறக்குகிற காட்சி இரவெல்லாம் கண்ணில் நின்றது.

போக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சனிக்கிழமை காலை கல்மண்டபம் ஸ்டாண்டுக்கு இருவரும் வந்தபோது, சாலமன் வண்டியின் முன் சீட்டில் அடைக்கலமேரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஐஸ் கம்பெனிக்குப் போகிற புடவை இல்லை. பூசைக்குக் கட்டுகிற புடவை. பின்னால் பச்சையம்மாவும் இன்னும் நான்கு பேரும்.

"அக்கா, நானே வரணும்னு..." என்று ஐரீன் ஆரம்பித்தாள்.

"ஏறு ஐரீனு. வண்டி கெளம்பட்டும்."

ஐரீன் பின்னால் ஏறி இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். காசிமேடு போயிற்று. சாலமன் கியர் மாற்றுகிற சத்தத்தில் கூட ஒரு மன்னிப்பு இருந்தது. இன்றைக்காவது லாரி நிற்காமல் இருக்கக் கூடாதா என்று ஐரீன் வேண்டிக்கொண்டாள். குப்பம் தாண்டியதும் வழக்கமான இடத்தில் வழக்கமான வரிசை. எஞ்சின் நின்றது.

பச்சையம்மாவுக்கு விஷயம் தெரியாது. "இன்னா தம்பி, இன்னிக்கி உம்முன்னு கீற? இதோ இந்தப் பொண்ணு புதுசு. அட்டையப் படிச்சிட்டு மீதி கேக்குது, சொல்லேன்."

"இன்னிக்கி வேணாம்க்கா. தொண்ட சரியில்ல."

"சொல்லு தம்பி" என்றார் அடைக்கலமேரி. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நேத்து ஐஸ் கம்பெனியில மூணு பேரு வந்து எங்கிட்ட சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொன்னாங்க. சரியா கேக்கணும்னுதான் வந்தேன். நீ எப்டி சொல்றியோ அப்டியே சொல்லு."

சாலமன் கண்ணாடியில் ஐரீனைத் தேடினான். அவள் தலையசைத்தாள். வேறு என்ன செய்வது.

அவன் சொன்னான். முதலில் வார்த்தை தடுக்கியது. மூன்றாவது நாள் கரையில் தேடுகிற இடம் வந்ததும் கதை அவனைப் பிடித்துக்கொண்டது. படகு கவிழ்ந்தது, பலகையைப் பிடித்துக்கொண்டது, தீவு, நெருப்பு மூட்டியது, தூரத்தில் கப்பல். எல்லாம் அவன் கையில் நடந்தது. கடைசியில் ஒரு மத்தியானம். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நிழல் விழுகிறது. நிமிராமலே, 'மீனு விக்கறதுக்கில்ல' என்கிறாள். நிழல் போகவில்லை. 'கொழம்பு கீதாடி?' என்று கேட்கிறது.

அவன் நிறுத்தினான். லாரி வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

அடைக்கலமேரி, "மீதி?" என்றார்.

"அவ்ளோதான்க்கா. இங்க முடிச்சிடுவேன்."

"இது இன்னா முடிவு? அவ இன்னா பண்ணா?"

"தெர்லக்கா."

"எனக்குத் தெரியும். ஆய்ஞ்ச மீன அப்டியே மூஞ்சில அடிச்சிருப்பா. பதினோரு மாசம் எங்கய்யா சுத்திகினு இருந்தன்னு அருவாமனைய எடுத்துனு தெரு முழுக்க தொரத்தியிருப்பா." அவர் குரல் உயர்ந்தது. "அப்புறம் அந்த மனுஷன் ஓடவும் மாட்டாரு. சிரிச்சிகினே நின்னு அடி வாங்குவாரு. அவருக்கு அடி வாங்கறப்போ ஒரு பக்கமா சிரிப்பு வரும். இந்தப் பக்கம்."

தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பச்சையம்மா சிரித்தார். புதுப் பெண்ணும் சிரித்தாள். சாலமனுக்குக்கூட வந்துவிட்டது. அடைக்கலமேரியும் தோள் குலுங்கச் சிரித்தார். ஐரீன் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் உடம்பைத் திருப்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

"இது தம்பி சொல்ற கதம்மா. நல்லாத்தான் கீது. ஆனா நான் எழுதுனதுல அவரு வரல. நெஜத்துலயும் வரல."

பச்சையம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. தாளைப் பார்த்தார், அடியில் இருந்த பெயரைப் பார்த்தார், முன் சீட்டில் இருந்த பெண்ணைப் பார்த்தார். "அந்தம்மா நீதானா" என்றார். பிறகு டிபன் பையை நகர்த்திவிட்டு, கை நீட்டி அடைக்கலமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி குறுகல்; அதற்குமேல் கட்டிப்பிடிக்க வழியில்லை.

லாரி ஒன்று முன்னால் நகர்ந்தது. சாலமன் எஞ்சினைக் கிளப்பவில்லை.

"தம்பி, எனக்கு ஒரு புக்கு குடு" என்றார் பச்சையம்மா.

"முடிவுதான் தெரிஞ்சிடுச்சேக்கா" என்றான் சாலமன்.

"முடிவ யாரு கேட்டா? இந்தம்மா இத்தினி வருஷம் எப்டி இருந்துதுன்னு நான் படிக்கணும். எங்க பிளாக்குல ஒர்த்தி கீறா, அவ புருஷன் வேலைக்குப் போறேன்னு போனவன், ஆறு வருஷமாச்சு, தகவல் இல்ல. அவளுக்கும் ஒன்னு குடு."

புதுப் பெண்ணும் கேட்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது சாலமன் ஒவ்வொரு பிரதியையும் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தான்.

எண்ணூர் வருவதற்குள் எல்லோரும் இறங்கியபின், மூவரும் வண்டியிலேயே இருந்தார்கள். ஐரீன்தான் ஆரம்பித்தாள். "அக்கா, இனிமே அவர் கதை சொல்ல மாட்டாரு. தாளையும் எடுத்துடறேன். நீங்க சொன்னா புக்கையும் கொண்டாந்து குடுத்துடறேன்."

"நான் நேத்து அதுக்குத்தான் கெளம்புனேன்" என்றார் அடைக்கலமேரி. "மூட்ட கட்டி எடுத்துனு போயிடலாம்னு. மனசு அவ்ளோ கொதிச்சிது. நான் கஷ்டப்பட்டு அனுப்பி வெச்ச ஆள இவன் யாரு திருப்பிக் கூட்டியார்றதுன்னு." தாளின் ஓரத்தில் பிய்ந்திருந்த பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தி ஒட்டினார். "அப்புறம், அந்த மூணு பேரும் போன பெறவு தோணுச்சி. எட்டு வருஷத்துல எங்கிட்ட வந்து அவரு பேர எடுத்தவங்க யாருமில்ல. நான் அழுவேன்னு பயந்துகினு எல்லாரும் பேச்ச மாத்துவாங்க. நேத்து ஒரே நாள்ல மூணு பேரு. இன்னாசி, இன்னாசின்னு."

சாலமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கடல்ல ஆளு கீற பொம்பளைங்க ஏறுனா உன் கதைய சொல்லு நைனா. அவங்களுக்கு அதான் வேணும். ஆனா எழுதுனவ வேற மாதிரி எழுதிக்கீறான்னும் சொல்லு. தெகிரியம் வர்றப்போ வாங்கிப் படிக்கட்டும்."

அன்றைக்கே ஐரீன் தாளை மாற்றி அடித்தாள். 'மீதி புத்தகத்தில்' என்கிற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட்டாள்: சாலமன் சொல்வது ஒரு முடிவு. அடைக்கலமேரி எழுதியது வேறு. அதைப் படித்துவிட்டு மஜீது வந்து சண்டை போட்டான். "என் பேரையும் போடு தங்கச்சி. நானும் ஒரு முடிவு சொல்றேன், அதுல இன்னாசிக்கு லாட்டரி வுழுது." ஸ்டாண்டில் இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் தாள் கேட்டார்கள். காலையில் ஏறுகிறவர்கள் சாலமன் முடிவை நம்புகிற கட்சி, அக்கா முடிவை நம்புகிற கட்சி என்று பிரிந்து, எர்ணாவூர் வரைக்கும் வாதாடினார்கள். வாதாடுவதற்காகவே வாங்கிப் படித்தவர்கள் உண்டு. படித்தவர்கள் மறுநாள் அமைதியாக ஏறினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வாங்கினார்கள்.

பச்சையம்மா தனக்கும் அந்தப் பெண்ணுக்குமாக எடுத்துப் போன இரண்டு பிரதி பிளாக் முழுக்கச் சுற்றி அட்டை கிழிந்துபோனது. திரும்பி வந்து இன்னும் ஆறு வாங்கிப் போனார். அக்டோபர் கடைசி வாரத்தில் ஐரீன் எட்டாவது கட்டின் கயிற்றை அறுத்தாள். நூறு வீடு எப்போது தாண்டியது என்று அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது தாண்டியிருந்தது. சுவரோரம் இப்போது இரண்டு கட்டுதான். உட்காருகிற உயரம் இல்லை. வருகிறவர்களைத் தரையில் பாய் போட்டு உட்கார வைத்தாள்.

கல்லறைத் திருநாள் காலை ராயபுரம் முழுக்கப் பூக்கடைகள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலமன் அன்றைக்கு வண்டி எடுக்க மாட்டான் என்று ஐரீன் நினைத்திருந்தாள். அவன் ஸ்டாண்டில்தான் இருந்தான். டிபனை எடுத்துக்கொண்டு அவள் போனபோது, வண்டியின் முன் சீட்டில் அடைக்கலமேரி உட்கார்ந்திருந்தார்.

"எங்கக்கா போறீங்க?"

"எண்ணூரு."

"அங்க யாரு கீறாங்க?"

"யாருமில்ல. போயிட்டு இதே வண்டில திரும்பி வரப் போறேன்." கையில் முழம் மல்லிகைப் பூ. தலையில் வைத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் வாங்கியதாகவும் தெரியவில்லை. பிறகு அவரே அதை இரண்டாகக் கிள்ளி, ஒன்றை ஐரீன் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தன் தலையில் செருகிக்கொண்டார். "நீயும் வாயேன். இன்னிக்கி உன் கட லீவுதானே."

ஐரீன் பின்னால் ஏறிக்கொண்டாள். திருநாள் என்பதால் கூட்டம் குறைவு. காசிமேட்டில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் ஏறினாள். லாரிகளுக்கு மட்டும் திருநாள் தெரியவில்லை. குப்பம் தாண்டியதும் வழக்கம்போல நின்றன. எஞ்சின் அணைந்தது. அந்தப் பெண் தாளைப் படித்து முடித்துவிட்டு, "அண்ணே, இவரு அப்புறம் வந்தாரா?" என்று கேட்டாள்.

சாலமன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அடைக்கலமேரி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, படகு கவிழ்ந்த இடத்திலிருந்து ஆரம்பித்தான். பலகை, தீவு என்று அவன் வேகமாகப் போனபோது, அக்கா அவன் கையை லேசாகத் தட்டினார்.

"மெதுவா சொல்லு தம்பி" என்றார். "லாரி எடுக்க இன்னும் நேரம் கீது."